மல்லிகாவின் ஜன்னல் பை

செவ்வாய். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எதிர்த் தையல் கடை மல்லிகா விற்கும் போன் பையை இன்று ஆள் அனுப்பி வாங்கினேன்.

பால்குடம் எடுக்கும் பெண்களுக்குச் சேலையில் பாக்கெட் ஏது? கழுத்தில் தொங்கும் போன் பையை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் முதலில் தைத்தவள் நான். மல்லிகா அதைப் பார்த்துத் தைத்து, முன்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தாள். போனை வெளியே எடுக்காமலே தொட்டுப் பேசலாம். இப்போது எல்லாருக்கும் அது ‘மல்லிகா பை’. எனக்கு வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

ஜன்னலைச் சோதிக்க என் போனை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டினேன். அந்நேரம் ரேடியோவில் செய்தி. இரண்டு பெரிய போன் கம்பெனிகள் கோர்ட்டில் நிற்கின்றனவாம். என் கண்டுபிடிப்பு உன் போனுக்குள் இருக்கிறது, ஒவ்வொரு போனுக்கும் ராயல்டி கொடு என்று ஒரு கம்பெனி இன்னொன்றைக் கேட்கிறதாம். எனக்கு வேகம் வந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக அவள் கடைக்குப் போனேன்.

“மல்லிகா, ஐடியா என்னோடது. நீ விக்கிற காசுல ஒவ்வொரு பைக்கும் ஒரு வெள்ளி ராயல்டி குடு லா.”

கடையில் நாலு பெண்கள் நின்றார்கள். மல்லிகா சிரித்தாள். “குடுத்துர்றேன்க்கா. ஆனா ஜன்னல் என் ஐடியா. அதை நீங்க தொடக்கூடாது, சரியா?”

“உன் ஜன்னல் யாருக்கு வேணும்? நான் திரும்பிக்கூடப் பாத்ததில்ல” என்றேன்.

அப்போது துப்பட்டாவுக்குள் போன் அடித்தது. பையை வெளியே எடுத்தேன். ஜன்னல் வழியாகத் தொட்டுப் பேசினேன். சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் அண்ணன். குரல் தெளிவாகக் கேட்டது.