உன் அமிஷ் சனமும் உன் மாமியும்

உ

உரும்பிராய் கிழக்கு,
22.06.1994.

அன்புள்ள மகன் கமலநாதனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அந்த அளவில் சுகம். நீ நல்ல சுகம் என்பது உன் கடிதக்கட்டின் தடிப்பைக் கண்டதுமே விளங்கிவிட்டது, ஆகையால் அதைக் கேட்டு இந்தக் கடிதாசி ஒற்றையை வீணாக்கவில்லை. நீ ஏப்ரலில் அனுப்பிய கட்டைக் கனிசியஸ் மாஸ்டர் கொழும்பில் வாங்கி, கிளாலிக் கடலால் படகில் வரும்போது நனையாமல் மடிக்குள் வைத்துக்கொண்டு வந்து தந்தார். பிள்ளை தாய்க்கு ஏதோ மருந்து அனுப்பியிருக்கிறான் என்று அந்த மனிதர் நினைத்தாராம். பிரித்துப் பார்த்தால் கேள்விப் படிவங்கள் இருபத்தைந்தும் நாலு பக்கக் கடிதமும். கோபத்தோடுதான் எழுதுகிறேன், இடையில் மடித்து வைக்காமல் கடைசிவரை வாசி.

அமெரிக்காவில் நீ ஆராய்ச்சி செய்கிற அந்த அமிஷ் சனத்தைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கரண்டும் காரும் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகிறவர்களாம், விடிந்ததிலிருந்து பொழுதுபடுமட்டும் தோட்டத்தில் முறிகிறவர்களாம், குடியும் சிகரெட்டும் பெரும்பாலும் இல்லையாம். அவர்களுக்குள் புற்றுநோய் மற்ற அமெரிக்கரிலும் குறைவு என்று உன் பேராசிரியர் நினைக்கிறாராம், ஏன் என்று தேடுகிறீர்களாம். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே, யோசித்துப் பார்த்தால் நீங்களும் இப்போது அவர்களைப் போலத்தான் வாழ்கிறீர்கள் அம்மா, ஒரு விதத்தில் அது உடம்புக்கு நல்லது என்று எழுதினாயே, உன் கை கூசவில்லையா? அவர்கள் வேண்டாம் என்று விட்டவர்கள். எங்களிடம் இருந்ததை யுத்தம் பிடுங்கி எடுத்தது. கரண்டு போய் நாலு வருடம். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுத் துளி மண்ணெண்ணெயில் விளக்கு எரிக்கிறோம், அந்தப் புகைதான் இரவெல்லாம் சனத்தின் நெஞ்சுக்குள் போகிறது. சைக்கிளில் கட்டித்தான் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அவர்கள் தோட்டத்துக்கு மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றுகிறதா என்று உன் படிவத்தில் கேள்வி இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான் ஒற்றுமை, அவர்களிலும் சிலர் புகையிலை நட்டு விற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எங்களூர் அதை விற்கவும் செய்கிறது, வாய்க்குள் அடக்கவும் செய்கிறது.

எங்களூர்ச் சனத்தையும் அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நீ கேட்டாய் என்பதற்காக அந்தப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்திரண்டு வருடம் மருத்துவிச்சி வேலை பார்த்துத் திறந்த படலைகள், ஆரும் என்னை வெளியே நிறுத்துவதில்லை. பக்கத்துத் தோட்டக் கந்தப்பு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு நின்றார். கிழமைக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி என்று நீ அடித்திருந்ததை அப்படியே வாசித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மிசினுக்கு எண்ணெய் இல்லாமல் துலா மிதிக்கிறன், இதை எந்தப் பெட்டிக்குள்ளை போடப்போறியள் என்று கேட்டார். கிருமிநாசினி அடிக்கும்போது முகத்தை மூடுவீர்களா என்று கேட்டதும் அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூட வளவில் கொட்டில் போட்டிருக்கும் லூர்த்தம்மாவிடம் போனேன். அவளுடைய கடைசிப் பிள்ளையை அந்தக் கொட்டிலில் நான்தான் பெறுவித்தேன். கிழமையில் எத்தனை நாள் மீன், எத்தனை நாள் மரக்கறி என்று கேட்டதற்கு அவள், எந்தச் சீவியத்தைக் கேக்கிறியள் அம்மா, அங்கையோ இஞ்சையோ என்றாள். அதை எழுத உன் படிவத்தில் இடமிருக்கவில்லை. நான் பேனையைப் பிடித்தபடி நிற்க, அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் பிள்ளை எடுத்த ஒருத்தி எனக்கு முகம் கொடாமல் திரும்பியது அதுதான் முதல் தரம். இப்படிப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கிவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உன் மாமி, எனக்கும் ஒரு போம் நிரப்பன் மச்சாள் என்று வந்து குந்தினா. விளையாட்டாகத்தான் தொடங்கினோம். புகையிலை போடுவதுண்டா, ஓம். எத்தனை வயதிலிருந்து, இருபத்துமூன்று. ஒரு நாளைக்கு எத்தனை தரம், ஆர் எண்ணினது என்றா. பதினாலாவது கேள்வி, உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறதா, வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா என்று. மாமி, இதை விடு மச்சாள் என்று எழும்பப் பார்த்தா. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சில மாதமாக அவ சோற்றைக் குழைத்துப் பால் விட்டுத்தான் சாப்பிடுகிறா. பல்லுக்கொதி என்று சொன்னா, நானும் நம்பினேன். கறியை மிச்சம் விடுகிறா என்று ஏசியும் இருக்கிறேன். கையைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழையவில்லை. இடப்பக்கக் கன்னத்தின் உட்புறம், அவ புகையிலை அடக்குகிற இடத்தில், வெள்ளை பற்றி, அதற்கு நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு புண். எவ்வளவு காலம் என்று கேட்டேன். தைப்பொங்கலுக்கு முந்தி என்றா. ஆறு மாதம், கமலநாதன். நான் என்னை மறந்து கத்திவிட்டேன். அவ அமைதியாக, "நோகேல்லை மச்சாள். நொந்திருந்தால் சொல்லியிருப்பன்" என்றா.

ஊரிலே ஒருத்தி படலைக்குள் வரும்போதே அவள் கால் வீக்கத்தைக் கண்டு பிடிக்கிற எனக்கு, ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பாயில் படுக்கிறவளின் வாய் தெரியவில்லை. உன் படிவம்தான் கண்டது. அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிராதே. அவ ஏன் புகையிலை போடப் பழகினா என்று உனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போய்விட, உன்னைப் புகையிலைக் கொட்டிலுக்குள் ஏணையில் போட்டுவிட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டு நாள் முழுக்க இலை கோர்த்தவ. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன், உன் அப்பா வீட்டில் இருக்கிறோமே என்று மத்தியானச் சாப்பாட்டைக் கேட்கக் கூச்சப்பட்டவ. பசி தெரியாமல் இருக்கத்தான் அந்தப் புகையிலைத் துண்டு. இதை நான் அறிந்ததே போன கிழமைதான், அவவே சொல்லி. உன் அப்பா இருந்திருந்தால் அவர் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி டொக்டர் புண்ணில் துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகமில்லை, புற்றுநோய்தான், உடனே கொழும்புப் பக்கம் மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இங்கே இப்போது வழியில்லை என்றார். ஆறேழு கிழமை கதிர் வைக்க வேண்டுமாம், சனம் கரண்டு பிடிக்கிறது என்று சொல்வது. அதைக் கேட்டு மாமி, ஊருக்கே இல்லாத கரண்டு என்ரை வாய்க்குள்ளையோ என்று சிரித்தா. வருகிற முப்பதாம் திகதி வியாழன் கிளாலியில் படகு ஏறுகிறோம். அந்தக் கடலில் நேவியிடம் அகப்பட்ட சனத்துக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே போக இயக்கம் எனக்குப் பதினைந்து நாள் பாஸ்தான் தந்தது, நான் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் தலையில் விழும். பிணை நிற்பது கந்தப்பு. நான் கேட்கவில்லை, கேள்விப்பட்டுத் தானாக வந்து கையெழுத்து வைத்தார். லூர்த்தம்மா படகோட்டுகிற தன் தமையனிடம் நடந்தே போய், மாமிக்கு அலை அடிக்காத நடு இடம் பேசிவிட்டு வந்தாள். மாமி கடலுக்குப் பயப்படவில்லை. பாஷை தெரியாத ஆஸ்பத்திரி வாட்டில், நான் திரும்பி வந்த பிறகு தனியே கிடப்பதற்குத்தான் பயப்படுகிறா.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். அமிஷ் ஆட்களில் ஒருவர் படுத்தால் ஊரே முறை வைத்து வந்து பக்கத்தில் இருக்குமாம், ஒருவரையும் தனியே விடமாட்டார்களாம். அதற்கு உன் படிவத்தின் இருபத்தெட்டுக் கேள்வியில் ஒன்றுகூடக் கிடையாது. நான் அந்த வரியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவ, "அதுகளின்ரை பிள்ளையள் தூரத்திலை இருக்கிறேல்லையோ?" என்று கேட்டா. பிறகு, தம்பிக்கு எழுதிப்போடாதை, படிக்கிற பிள்ளை குழம்பிப்போவான் என்றா. அவவின் சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

நிரப்பிய படிவங்களை நான் அனுப்பப் போவதில்லை. அந்தச் சனம் எனக்குச் சொன்னது, உனக்கல்ல. நீ வா. போன வருடம் கருத்தரங்கென்று யப்பான் வரை வந்தாய், அங்கிருந்து கொழும்பு எட்டாத தூரமில்லை. கனிசியஸ் மாஸ்டர் நாளைக்கே போகிறார், இதைக் கொழும்பிலிருந்து உன் கந்தோருக்கு ஃபக்ஸில் அனுப்புவார், ஆகையால் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. ஜூலை பன்னிரண்டுக்கு முதல் நீ வந்து என்னிடம் அவவைப் பொறுப்பெடு. வரமாட்டாயென்றால் காரணம் எழுதாதே, இனி எதுவுமே எழுதாதே.

என் கோபம் ஆறவில்லை, ஆனாலும் நீ நோய்நொடியில்லாமல் நீடு வாழவேண்டுமென்று அம்மன் வாசலில் நேற்றும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். வரும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு வா, கொழும்பு வெயில் உனக்கு இப்போது ஒத்துவராது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மாமி கதைப்பது இப்போது தெளிவில்லை. திருப்பிச் சொல்லுங்கோ என்று அவவைக் கேட்காதே, கிட்டப்போய் இருந்து கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பராசக்தி