ஏரியில் கொட்டிய கம்பூசியா

வியாழன், இரவு.

கோபம் அடங்கவில்லை. கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை, வீட்டுக் கிணற்றில் மட்டும் விடச் சொல்லித்தான் அக்கா புருஷனிடம் கொடுத்தேன். மிச்சத்தை ஏரியில் கொட்டிவிட்டார்.

"வெளிநாட்டு மீன் மாமா! நம்ம மீன்குஞ்சு, தவளை முட்டை எல்லாத்தையும் தின்னுடும். திரும்பப் புடிக்கவே முடியாது" என்று கத்தினேன்.

அக்கா சீறினாள். "எம் பொண்ணு டெங்குல ஆஸ்பத்திரில படுத்துகினு கீது. உனுக்குத் தவளை பெருசா பூட்ச்சா?"

டெங்கு கொசு ஏரியில் முட்டையிடாது, உங்கள் மொட்டைமாடி டிரம்மில்தான் இடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய கண்கள் அழுது வீங்கியிருந்தன. மாடிக்குப் போய் டிரம்மை நானே கவிழ்த்தேன். தரையெல்லாம் புழு நெளிந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பினால் அந்த மீன் உபரிநீர் வழியும் கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்கும் போகும். இனி யாரைத் திட்டினால் அது நிற்கும்?