திருப்பூரிலிருந்து வந்த கவுன்

பிப்ரவரி 2, திங்கள்

விடியற்காலையில் பனி, பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. கொண்டைக்கடலை ஊறப்போட மறந்துவிட்டேன். பாசிப்பயறு அவித்துச் சமாளித்தேன். டியூஷன் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. ஆளுக்கொரு முகச்சுளிப்பு.

வாங்க வேண்டியவை: கடலை, சாக்பீஸ், மாடிக் குழாய்க்கு வாஷர், இவருக்கு இருமல் மருந்து.

பாண்டிச்செல்வி வருகிறாளாம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நாளை மறுநாள் அனுப்புகிறார்கள். அவள் தங்கை முருகேஸ்வரி டியூஷன் மையத்து மாடிப்படியில் நின்றபடியே சொன்னாள். கீழே தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா வருது டீச்சர். மகாட்ட என்னத்தச் சொல்ல?"

பதில் சொல்வதற்குள் ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டாள்.

தீபாவளி சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்தபோது உள்ளே இருந்தவர்களில் மிஞ்சியவள் பாண்டிச்செல்வி மட்டும்தான். இரண்டு கை, கழுத்து, முகத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தீ. புருஷன் முன்பே செத்துப்போனான். மகள் மகா ஒன்றாம் வகுப்பு, சித்தி வீட்டில் இருக்கிறாள், சாயங்காலம் என்னிடம் வருவாள். வெடித்த அன்று அழுகையை நிறுத்தவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கு, வந்துரும்.

அழுகை நின்றது. அன்றைக்குப் பெரிய நிம்மதி.

பிப்ரவரி 3, செவ்வாய்

வாஷர் வாங்கவில்லை. குழாய் சொட்டுகிறது. உட்கார்ந்தால் அந்தச் சத்தம், எழுந்தால் வேறு ஏதாவது. அலமாரியை இரண்டு முறை அடுக்கி, இரண்டு முறை கலைத்தேன்.

திருப்பூரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வழக்கம் இருக்கிறதே. பள்ளிவாசல் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து இந்த மையத்தைத் தொடங்கியபோதே பேசி முடித்தது: யாருக்கு எது கொடுத்தாலும் யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது. பேனர் கிடையாது, போட்டோ கிடையாது. நாரணாபுரம் ரோட்டில் மாடியை வாடகையில்லாமல் விட்டிருக்கும் பேப்பர் கடை ஹாஜியார் இதில் ரொம்பக் கண்டிப்பு. நல்ல வழக்கம்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் மகா விஷயத்தில் "யாரும் கொடுக்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? ஆகவே எல்லாமே அம்மா அனுப்பியது. ஹாஜியார் வாங்கிய ரோஸ் கவுன், அம்மா அனுப்பியது. இமாம் வீட்டம்மா கொடுத்த பேரீச்சம்பழம், அம்மா அனுப்பியது. திருப்பூரில் பேரீச்சை காய்க்குமா என்று பிள்ளை கேட்கவில்லை, நல்லவேளை. அச்சாபீஸ் அண்ணாச்சி கொடுத்த ஸ்கூல் பையில் அச்சாபீஸ் பெயர் இருந்தது. அதன் மேல் நானே பூப்போட்ட துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தேன். அதுவும் அம்மா.

ஆளாளுக்கு நல்லது செய்து, மதுரையில் கட்டுப்போட்டுக் கிடந்தவளுக்குப் பதிலாகத் திருப்பூரில் ஒரு அம்மாவை உண்டாக்கி வைத்திருக்கிறோம். அவள் மாதாமாதம் அனுப்புகிறவள். சிரித்துக்கொண்டே இருப்பவள். மகா படம் வரைந்தால் அவள் கையில் எப்போதும் ஒரு பை.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தாளாம். இன்று மூன்று மணிக்குப் போனேன். மகா ஸ்கூலிலிருந்து வரும்போது கூட இருக்கலாம் என்று. கையில் ஆரஞ்சுப் பழம். எதற்கு வாங்கினேன், அவளால் உரிக்க முடியாதே. வழியெல்லாம் அதே யோசனை.

பாண்டிச்செல்வி கயிற்றுக் கட்டிலில் இருந்தாள். முகத்தின் இடதுபக்கம் இழுத்துப் பிடித்த மாதிரி. கண் சரியாக மூடவில்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "வாங்கக்கா. நல்லா இருக்கீகளா?" என்றாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மகா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பார்த்தாள். பயப்படவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

முருகேஸ்வரி சொன்னாள், "அம்மாடி, யாரு வந்துருக்கான்னு பாரு. அம்மா."

"இது எங்கம்மா இல்ல. எங்கம்மா திருப்பூர்ல இருக்கு."

"மகா, நாந்தாண்டா."

"எங்கம்மா கவுன் அனுப்பும். பை அனுப்புச்சு." என் பக்கம் திரும்பினாள். "டீச்சருக்குத் தெரியும். கேளுங்க."

தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பிடித்தது நான்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் சாப்பிட உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். "சின்னப் பிள்ளைதானே, நாலு நாள்ல சரியாப் போயிரும்" என்றார். இவருக்கு எல்லாமே நாலு நாளில் சரியாகும். இருமல் மட்டும் ஆகாது.

எனக்கு ஒரு புத்தி தோன்றியது. மையத்துக்கு வரும் எங்கள் பெண்களில் இரண்டு பேர் முகத்திரை போடுவார்கள். மகாவுக்கு அது பழக்கம், அவர்கள் மடியில் ஏறி உட்காருவாள். பாண்டிச்செல்வியும் கொஞ்ச நாள் முகத்தை மூடிக்கொண்டு குரலை மட்டும் காட்டினால் பிள்ளை ஒட்டிக்கொள்ளுமே? என்னிடம் இருந்த ஒரு புதுத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு போனேன். கடைத்தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், மதம் மாற்றுகிறார்கள் என்பார்கள். அதெல்லாம் பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பவும் மனமில்லை.

துப்பட்டாவைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"இத மூடிக்கிட்டா அப்புறம் தெறக்க மாட்டேன்க்கா. எனக்கு என்னையத் தெரியும்."

தலை குனிந்தேன். அப்புறம் கேட்டாள், "கவுன் நான் அனுப்புனதா சொன்னீகளா?"

"ஆமா."

"அங்கன எனக்குத் தண்ணி கூட இன்னொருத்தர் ஊத்தணும். பிள்ளைய நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். அது என்னைய நெனைக்கல, திருப்பூர்ல இருக்கவள நெனச்சுக்கிட்டு இருந்துருக்கு." துப்பட்டாவை முழங்கையால் என் பக்கமே தள்ளிவிட்டு, "கொறயாச் சொல்லல. அம்புட்டுப் பேரும் நல்லதுதான் செஞ்சீக. ஆனா அந்த அம்மாவ நிறுத்துங்கக்கா. அவ இருக்க வரைக்கும் நான் வர முடியாது."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். துப்பட்டா கையிலேயே கசங்கிவிட்டது.

பிப்ரவரி 7, சனி

வாஷர் வாங்கினேன். அளவு தப்பு.

ஹாஜியார் கடையில் ரீம் எண்ணிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: கவுன் வாங்கியது நீங்கள்தான் என்று உங்கள் வாயாலேயே பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

"ஏம்மா மும்தாஜு, சொல்லிட்டா அதோட நன்மை போச்சே."

"போகட்டும்."

"போகட்டும்னு நீ சொல்லுவ. நான்ல குடுத்தேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "நீயே சொல்லிரேன், யாரோ குடுத்தாகன்னு."

"யாரோன்னா மறுபடியும் அம்மான்னுதான் நினைக்கும். ஆள் வேணும், ஹாஜியார். முகம் வேணும்."

கல்லாவில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். இந்த மனுஷன் தன் பெண்ணின் கல்யாணத்தில் தான் கொடுத்ததைக்கூட மச்சினன் பேரில் போட்டவர். அவரிடம் போய் இதைக் கேட்கிறேன். எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. ஒரு லோடு வந்து இறங்கும்வரை நின்றேன்.

"நாளைக்கு லுஹர் தொழுகைக்கு முன்னாடி கூட்டிட்டு வா" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகாவுக்கு ரோஸ் கவுன் போட்டு, ஸ்கூல் பையையும் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்துத் துள்ளிக்கொண்டு வந்தாள்.

முதலில் ஹாஜியார். கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், முழங்கால் வலியோடு. "அம்மாடி, இந்தக் கவுனு நான் வாங்குனது. பஜார்ல."

"இல்ல. எங்கம்மா திருப்பூர்ல இருந்து அனுப்புச்சு."

"நாந்தாண்டா வாங்குனேன். பொய்யாச் சொல்லிட்டோம்." மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்கு இல்லை.

பிறகு இமாம் வீட்டம்மா. பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தே காட்டினார். மகா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். திருப்பி வைத்துவிட்டாள்.

அச்சாபீஸ் ஞாயிறு பூட்டு. அண்ணாச்சியைத் தேடி அலையாமல், படியிலேயே உட்கார்ந்து ஒட்டுத்துணியின் தையலைப் பிரித்தேன். அடியில் அச்சாபீஸ் பெயர். அதையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இந்த எழுத்துக்கூட்டல் நான் சொல்லிக்கொடுத்தது.

"திருப்பூரு?"

"திருப்பூருக்கு அம்மா போகவே இல்ல. கம்பெனியில தீப்பிடிச்சுச்சு. அம்மா மதுரை ஆஸ்பத்திரியில இருந்துச்சு. நான் உன்கிட்டப் பொய் சொன்னேன்."

"அப்ப எங்கம்மா எனக்கு என்ன அனுப்புச்சு?"

"ஒண்ணும் அனுப்பல. கையெல்லாம் கட்டு. அம்மாவால முடியல."

என் கையை உதறினாள். தனியாகவே நடந்தாள், முன்னால். தெரு முனைவரை நான் பின்னாலேயே போனேன், திருட்டுப் பூனை மாதிரி.

பிப்ரவரி 9, திங்கள்

மகா வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தன. ஒரு வரியும் என் காதில் ஏறவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை எட்டாம் வாய்ப்பாடு என்று திருத்தி, பிள்ளைகளிடமே மாட்டிக்கொண்டேன்.

மாலையில் முருகேஸ்வரி. நேற்றுக் கவுனைக் கழற்றி மூலையில் எறிந்தவள்தானாம், யாரோடும் பேச்சில்லை. கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். கிட்டே போகவில்லை.

"டீச்சர், அக்காவும் திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்கு."

இன்று எதையும் வாங்கவில்லை. இவர் கேட்டார், என்ன சோறு இறங்கவில்லையா என்று. நோன்பு வரப்போகிறதே, பழகுகிறேன் என்றேன்.

நான் செய்தது சரியா? ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு அம்மாவைப் பிடுங்கிவிட்டேன். இன்னொரு அம்மாவைக் கொடுத்தேனா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

வாஷர் மாற்றியாயிற்று. பக்கத்துக் கடைப் பையன் சரியான அளவில் ஒன்று கொண்டுவந்து இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனான். இன்னும் சொட்டுகிறமாதிரியே காதில்.

மகா வந்தாள். பழைய பச்சைப் பாவாடை. என்னிடம் பேசவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கொண்டைக்கடலைச் சுண்டல், இன்று மறக்காமல் ஊறப்போட்டது. தட்டில் வாங்கிக்கொண்டு போனாள், சாப்பிடவில்லை. எல்லோரும் கைகழுவப் போனபின் என் மேசைக்கு வந்தாள். பழைய நோட்டுத்தாளில் சுண்டலைப் பொட்டலம் கட்டியிருந்தாள். கட்டத் தெரியவில்லை, கடலை ஓரத்தில் பிதுங்கியது.

"டீச்சர், இது அதுக்கு."

"எதுக்கு?"

"எங்க வீட்ல இருக்குல்ல. அதுக்கு."

"நீயே குடேன்."

"நீங்க குடுங்க. யாரு குடுத்ததுன்னு சொல்லிரணும். நான்னு சொல்லணும். வேற ஆளு பேரச் சொல்லக் கூடாது."

இரண்டு பேரும் நடந்தோம். நான் முன்னால், அவள் பத்தடி தள்ளிப் பின்னால். நான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள். வீட்டு வாசலில் பாண்டிச்செல்வி, வெளிக்காற்றுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தை மூடவில்லை. மகா தெருக்குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நான் சொல்கிறேனா என்று பார்க்க.

பொட்டலத்தைப் பாண்டிச்செல்வி மடியில் வைத்துப் பிரித்தேன்.

"என்னக்கா இது? யாரு குடுத்தா?"

குழாயடிக்குக் கேட்கிற மாதிரி, பெயரைச் சொன்னேன்.