எல்லாவற்றுக்கும் ‘குட்’

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சௌக்கியம். வீட்டில் எல்லாரும் எப்படி என்பதைக் கடைசியில் கேட்கிறேன். காரணம் இருக்கிறது.

எங்கள் சலவை ஆலை சூப்பர்வைசர் திடீரென்று எங்களுக்கு இலவசமாக ஆங்கில இலக்கணம் நடத்துகிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பெயர்ச்சொல்லுக்கு சோப்பு, வாளி என்று சொல்லித் தப்பித்தோம். வினைச்சொல்லுக்கு, துவைக்கிறோம், பிழிகிறோம் என்றோம். நேற்று பெயரடைக்கு வந்தார். ஒன்று எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொல்லாம். “ரூம் எப்படி? சாப்பாடு எப்படி? நான் எப்படி?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

“வேவு பாக்குறான்டா, வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க” என்று இஸ்திரி போடும் அண்ணன் காதைக் கடித்தார். ஆகவே எல்லாவற்றுக்கும் ‘குட்’ என்றோம். வேகாத சோறும் குட், ஒழுகும் அறையும் குட். (பயப்படாதே, ஒரு மூலையில்தான் ஒழுகுகிறது.)

“வேற வார்த்தையே கிடையாதா? எதையோ மறைக்கிறீங்க!” என்று சாக்பீஸை வீசிவிட்டுப் போனார்.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. வேறொன்றுமில்லை, இங்கே சோப்பு வாசம் அலுத்துவிட்டது.

அம்மாவைப் பற்றிக் கேட்டால் மூச்சுவிடாமல் குறை சொல்கிறவள் நீ. கொஞ்ச நாளாகப் போனில், “அத்தை நல்லா இருக்காங்க” என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாய்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. அம்மாவுக்கு என்ன?

உன் வீட்டுக்காரன்