கத்தாமல் விடிந்த நாள்

படப்பை

அன்புள்ள அம்மாவுக்கு எழில் எழுதுறேன். உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன், இந்தத் தடவை நிஜமாவே. போன்ல சொன்னா பாதியிலயே அழுதுடுவ, அதான் லெட்டர்.

கம்பெனி வேன் கவிழ்ந்ததுல இருந்து வர்ற கெட்ட கனவுக்குத் தாம்பரம் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு. அது பிரஷர் மாத்திரைதான், ஆனா எனக்கு பிரஷர் இல்ல, பயப்படாத; கெட்ட கனவையும் அது குறைக்குமாம். படுக்கப் போறப்ப போடணும். சின்ன அளவுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்துட்டு அவரே கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறாரு. முதல் நாள் படக்குனு எழுந்து, தலை சுத்தி பக்கெட் மேல உக்காந்துட்டேன். இப்ப மெதுவா எழுந்துக்கிறேன்.

போன வாரம் மறுபடி ஏத்தினாரு. நேத்து நானும் ரூம்மேட் ஜான்சியும் கம்பெனி பஸ்ஸை விட்டுட்டோம். தினமும் விடியக்காலையில நான் கத்துறதைக் கேட்டுத்தான் அவ எழுந்துப்பாளாம்! "ஏண்டி, கத்தித் தொலைக்கக் கூடாதா?"ன்னு திட்டிக்கிட்டே என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா.

நம்ம வீட்டு அலாரம் கடிகாரத்தைப் பார்சல்ல அனுப்பும்மா. போன்ல அலாரம் இருக்குதான். ஆனா நம்ம கடிகாரம் அடிச்சா, நீ அடுப்படியில இருக்கிற மாதிரி இருக்கும்.

ஹாரன் கேக்குது, ஓடுறேன். இன்னிக்கு ரெண்டு பேரும் ஏறிடுவோம்.

உன் எழில்