பொடக்காலியில் ஒரு வீடு

ஓசூர்,
3.6.2024

அம்மாவுக்கு,

நாங்கள் நலம். கோவைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து துடியலூருக்கே வருகிறோம். ஆனால் உங்களோடு ஒரே வீட்டில் இருக்க மாட்டோம். காரணம் உங்களுக்கே தெரியும்.

இன்ஜினியர் கிருபாசங்கரிடம் கேட்டேன். மாடி எடுத்தால் பழைய அஸ்திவாரம் தாங்காதாம். இருக்கிற வீட்டைச் சுவர் வைத்து இரண்டாக்கலாம். அது எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தனி வீடு, தனி வாசல், அதுதான் சரி. இடம் உங்கள் பேரில் இருக்கிறது. பிளானில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சுரேந்தர்

*

துடியலூர்,
7.6.2024

என் கண்ணு சுரேந்தருக்கு,

அம்மா எழுதுவது. நீ வருகிறாய் என்று படித்ததும் எதையும் யோசிக்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் எந்த இடம் என்று பிளானைப் பார்த்தேன். பொடக்காலி மட்டும் வேண்டாஞ்சாமி. முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் கட்டிக்கொள். இல்லாவிட்டால் இந்த வீட்டை முழுசாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு ரூம் போதும். பின்னால் ஒரே ஈரம், பாம்பு வேறு வருகிறது.

நீ போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

உன் அம்மா,
சென்னியம்மாள்

*

ஓசூர்,
11.6.2024

அம்மாவுக்கு,

பாம்பா? எங்கள் கல்யாண விருந்தில் கயல்விழி வீட்டார் அதே பொடக்காலிப் பந்தலில்தான் உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் "இங்க உட்காராதீங்க, எந்திரிங்க" என்று கத்தி எழுப்பினீர்கள். அறுபது பேரும் எச்சில் கையோடு ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். நம் ஆட்கள் உட்காரலாம், அவர்கள் ஆட்கள் உட்காரக் கூடாது, அவ்வளவுதானே?

அவர்கள் பேரன் பேத்தி இனி அங்கேயே குடியிருக்கட்டும். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டப் பொக்லைன் வரும்.

சுரேந்தர்

*

துடியலூர்,
13.6.2024

கண்ணு,

உங்கப்பா உயிரோடிருந்தபோது என்னிடம் சத்தியம் வாங்கியதை இன்று உடைக்கிறேன். பொடக்காலியில் கிணறு இருக்கிறது. எண்பதடி.

நீ பிறப்பதற்கு முன்பே வற்றிவிட்டது. கிணற்றை மண் போட்டுத் தூர்த்தால் குடும்பம் விளங்காது என்று பயந்து உங்கப்பா தூர்க்கவில்லை. மேலே பலகைக்கல்லைப் பரப்பி, மண்ணைக் கொட்டி மறைத்துப்போட்டார். வெளியே தெரிந்தால் இடம் விலை போகாது, மூச்சு விடாதே என்றார். உன்னை அந்தப் பக்கம் விளையாட விடாமல் நான் அடித்ததெல்லாம் அதற்குத்தான்.

கல்யாணத்தன்று பந்தல்காரர் எனக்குத் தெரியாமல் பந்தலைக் கிணற்று மேல்வரை இழுத்துவிட்டார். சாம்பார் வாளியோடு போகிறேன், பந்தி நடுவில் மண் ஒரு சாண் உள்வாங்குகிறது. அய்யோ, வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். எழுப்பினேன். சத்தியத்துக்குப் பயந்து ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. உன் கல்யாணம் அப்போது எனக்குப் பிடிக்கவில்லைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் அதனால் எழுப்பினேன் என்று நினைத்தார்கள். கிணறு வெளியே வராமல் இருந்தால் போதும் என்று நானும் நினைக்க விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

கிருபாசங்கரிடம் பொக்லைன் வேண்டாம் என்றேன். "பையன் சொல்லட்டுமுங்கம்மா" என்கிறார். அதனால் அந்த இடத்திலேயே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை போகும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஒரு கிழவியைக் கல் தாங்கும், பொக்லைனைத் தாங்காது. நேற்று மழையில் கட்டில் கால் ஒன்று இறங்கியிருக்கிறது.

சென்னியம்மாள்

*

ஓசூர்,
15.6.2024

அம்மா,

காலையிலிருந்து போன் அடிக்கிறேன். வீட்டுக்குள்ளே விட்டுவிட்டாய் போலிருக்கிறது. இதை எழுதிப் படமெடுத்துப் பக்கத்து வீட்டு புவனா அக்காவுக்கு அனுப்புகிறேன். நம் வீட்டுப் பின்வாசற்படியில் நின்றே சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். அவரைக் கட்டிலருகே கூப்பிடாதே.

பொக்லைன் வராது. கிருபாசங்கரிடம் சொல்லிவிட்டேன். கிணற்றை முறையாகத் தூர்த்த பிறகுதான் வீடு, அதுவும் முன்பக்கம்தான்.

உன் கடிதத்தைக் கயலிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா இலையை நாங்களே தூக்கீட்டு எந்திரிச்சிருப்போமே அத்தை" என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கும் இன்னும் மனசு ஆறவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம், நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கட்டிலை இழுக்காதே, அப்படியே கிடக்கட்டும். மெதுவாக இறங்கி, வீட்டுப் பக்கமாகவே நடந்து வா அம்மா.

சுரேந்தர்