நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள்

இன்று காலை ஒலிபரப்பு அறையில் பழைய மைக்கின் பஞ்சு உறையைக் கழுவுவோம் என்று கழற்றினேன். உள்ளேயிருந்து கராம்பு மணம் வந்தது. பேசும்போது கடைவாயில் ஒரு கராம்பை அடக்கி வைத்திருப்பீர்களே, அந்த மணம். நீங்கள் போய் ஏழு மாதம். உறையைக் கழுவாமல் அப்படியே திரும்பப் போட்டுவிட்டேன். ஒலிப்பதிவு பார்க்கிற பிள்ளை, "என்ன சேர், ஊத்தையை உள்ளுக்கே வைக்கிறியள்?" என்று கேட்டாள். "உன்ரை வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தேன். என் குணம் இன்னும் திருந்தவில்லை.

கொச்சியில் பிறந்த யூதர் நீங்கள். கப்பல் திருத்த வந்து, உப்புவெளிப் பெண்ணைக் கட்டி, திருகோணமலையிலேயே தங்கிவிட்டவர். உங்கள் சின்னத் தொப்பியைக் கண்டு மீன் சந்தையில் கிண்ணியா வியாபாரிகள் ஸலாம் சொல்வார்கள். நீங்களும் முறையாகப் பதில் சொல்லிவிட்டு, "நான் உங்கட ஆள் இல்லை, பக்கத்து வீடு" என்பீர்கள். மீனுக்குச் செதிள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள். இறாலைத் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். துறைமுகத்தில் இருந்துகொண்டு இறால் தின்னாத மனிசனை நான் இப்பதான் காண்கிறேன் என்று நக்கலடிப்பேன்.

நம் வெள்ளிக்கிழமைக் காலை நிகழ்ச்சியை நடத்தியது நாம் இருவரும்தான். முதலில் ஒரு விளையாட்டு வீரரோடு கதை, பிறகு இரண்டு பாட்டு, கடைசியில் உங்கள் வேதத்திலிருந்து மூன்று நிமிடம். தொடக்கத்தில் "இந்தக் கதை எங்களுக்கு ஏன்?" என்று தொலைபேசியில் கேட்டவர்கள், ஆறு மாதத்துக்குப் பின் அந்த மூன்று நிமிடத்துக்காக ஓட்டோவை ஓரம் கட்டினார்கள். வெள்ளியை விட்டுச் சனிக்கிழமைக்கு மாற்றுவோமா என்று நான் கேட்டபோது, "சனிக்கிழமை மைக்கைத் தொட ஏலாது. அண்டைக்கு ஒரு நாளாவது உலகத்தை அது பாட்டுக்கு விடவேணும்" என்றீர்கள்.

ஒரு நாள் கடற்கரையில் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொன்னேன். இளமையில் ஓர் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு நான் லைன்ஸ்மனாக நின்றேன். எங்கள் டவுன் அணியும் கிண்ணியா அணியும். கடைசி நிமிடத்தில் பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டைத் தாண்டவில்லை. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. இருந்தும் கோல் என்று கொடி காட்டினேன், கிண்ணம் எங்களுக்கு வந்தது. "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். நீங்கள் "ஓம்" என்று தலையாட்டினீர்கள்.

பிறகு நானே ஒரு மடைத்தனம் செய்தேன். பழைய கதை யாருக்கு ஞாபகம் என்ற துணிவில், அந்தக் கிண்ணியா அணியின் கோல் காப்பாளர் நிஸாரை விருந்தினராகக் கூப்பிட்டேன். அவர் எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில் அந்தப் போட்டிக்கு வந்தார். "பந்து உள்ளுக்குப் போகல்ல. நான் சொல்லியும் எங்கட ஊரே நம்பல்ல. காசு வாங்கிட்டு விட்டவன் எண்டு கூடப் பொறந்த நானாவே என்னோட ரெண்டு வருசம் கதைக்கல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் அவசரமாகப் பாட்டைப் போட்டேன்.

இரண்டு பாட்டும் முடிந்தன. உங்கள் முறை வந்தது. எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். "அயலான் பழி சுமக்கிறதைக் கண்டு சும்மா நிக்கப்படாது எண்டு எங்கட வேதம் சொல்லுது. அந்தப் பந்து கோட்டைத் தாண்டயில்லை. கொடி காட்டினவர் தன்ரை வாயாலை எனக்குச் சொன்னவர்" என்றீர்கள். என் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் அன்று கொடி பிடித்தது யார் என்று துறைமுகத்தில் தெரியாதவர் உண்டா? நிஸார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மானமே போய்விட்டது. உங்களைப் பார்த்து, "நம்பிச் சொன்னதுக்கு நல்ல வேலை செய்தியள்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நிகழ்ச்சிக்கு வெளியே உங்களோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

உங்கள் பெரிய நோன்புக்கு முன் மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்க வேண்டும், கடவுளிடம் போவது அதற்குப் பிறகுதான் என்பீர்கள். முதல் தரம் ஒலிபரப்பு அறையில் கேட்டீர்கள். இரண்டாம் தரம் என் வீட்டுப் படலைக்கு வந்தீர்கள். மூன்றாம் தரம், நோன்புக்கு முதல் நாள், பஸ் நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள். "சொன்னது பிழையில்லை. ஆனா உங்களிட்டைக் கேக்காமல் சொன்னது பிழை. என்னை மன்னிக்கவேணும்" என்றீர்கள். நான் நிலாவெளி பஸ்ஸில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று தரம் கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவர் மேல் குற்றம் இல்லை, மறுத்தவர் மேல்தான் என்று நீங்களே ஒரு வெள்ளிக்கிழமை சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் திருப்பிக்கொண்டேன். நோன்பு முடிந்து ஒரு கிழமைக்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் உங்கள் ஆட்களிடம் வழி இருக்கிறது என்பதை, போன மாதம் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அறிந்தேன். கல்லறைக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் முன்னால் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டுமாம். உங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கு இங்கே நான் எங்கே போவேன்? வெட்கத்தை விட்டு நிஸாருக்கு அழைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பத்துப் பேர்தானே, என்ட பழைய டீம் இருக்கு" என்றார்.

போன ஞாயிறு காலை, நரைத்த தலையும் முழங்கால் வலியுமாகப் பத்துப் பேர் உங்கள் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் மண்மேட்டைச் சுற்றி நின்றார்கள். நான் அன்று தோற்கடித்தவர்கள் எல்லோரும். "இவர் மூண்டு தரம் கேட்டவர். நான் மன்னிக்கயில்லை. அது என்ரை பிழை" என்று உரக்கச் சொன்னேன். பிறகு நிஸாரின் பக்கம் திரும்பி, இத்தனை வருடமும் கேட்காததை அவரிடமும் கேட்டேன்.

நிஸார் என் தோளில் கை வைத்தார். "ஐயா ரேடியோல சொன்னாரே, அண்டைக்கே நான் உட்டுட்டன். அண்டு பின்னேரம் நானா வீட்டுக்கு வந்து என்ட கையைப் பிடிச்சி அழுதார். நீங்கதான் உடாமப் புடிச்சிட்டு நிண்டீங்க" என்றார்.

நீங்கள் எதற்காக வாக்கை மீறினீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. மூன்று தரமும் நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தது "ஓம், விட்டிட்டன்" என்ற இரண்டு சொல்தான். எல்லோரும் போன பிறகு அவற்றை உங்களிடம் சொன்னேன். எத்தனை தரம் சொன்னாலும், பஸ் நிலையத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற உங்களுக்கு அது இனிப் போய்ச் சேராது.